ஜீவா என்றொருவர் இல்லை

எங்கள் வீட்டுப் பரணில், சித்தி பைண்டு செய்து வைத்த தொடர்கதைத் தொகுப்புகள் ஏழெட்டு இருந்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கி, கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கி வந்தவை அவை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை நான் முதன்முதலில் படித்தது அவற்றில் ஒன்றில்தான். இறுதி வாரத்துப் பக்கங்கள் அந்தத் தொகுப்பில் இல்லை என்பது பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. ஜீனோ என்ற இயந்திர நாயைத் தவிர வேறு எதுவும் அப்போது மனத்தில் ஆழமாகப் பதியவும் இல்லை. கதை நிகழ்வதாக அவர் குறித்திருந்த 2021ஆம் ஆண்டும் வந்து போய்விட்டது. சென்ற மாதம் அந்த நாவலை முழுப் புத்தகமாக வாங்கி மறுபடி படித்தபோது, நாயை விட்டுவிட்டு ஜீவா என்ற சர்வாதிகாரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஆனாலும் 1980களில் வெளிவந்த ஒரு கதையின் முடிவைச் சொல்வது பெரும் பாவமாகாது என்றே நினைக்கிறேன். ஜீவாவின் ஆட்சியில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள் மட்டுமே உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டும். முதியவர்கள் எத்தனை வயது வரை உயிரோடிருக்கலாம் என்பதையும் அரசே முடிவு செய்கிறது. கணவன் சிபி காணாமற்போனதால் அவனைத் தேடிப் புறப்படும் நிலா, படிப்படியாக ஜீவாவை வீழ்த்தும் சதிக்குள் இழுக்கப்படுகிறாள். இறுதியில், நாடே நடுங்கிக் கும்பிட்ட ஜீவா என்றொருவர் இல்லவே இல்லை என்றும், மக்கள் கண்டதெல்லாம் ஒளியால் ஆன ஒரு பிம்பம்தான் என்றும் தெரியவருகிறது. என் சித்தியின் தொகுப்பு ஏறத்தாழ இந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. ஆகவே, பொய் வெளிப்பட்டது, கொடுங்கோன்மை ஒழிந்தது, கதை முடிந்தது என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கதை அங்கே முடியவில்லை. ஜீவாவை வீழ்த்தத் திட்டமிட்டவர்கள், காலியான அந்த இடத்தில் நிலாவை ராணியாக நிறுத்திவிட்டுத் தாங்கள் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். இவர்களுக்கு நிலா எதற்கு என்ற கேள்வி அன்றிரவு என்னை விடவில்லை. பிம்பம் பொய் என்று மக்களிடம் சொல்லிவிட்டு நேரடியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமே? அப்படிச் செய்ய முடியாது என்று சுஜாதாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு முகத்தை அகற்றியவுடன் அதே இடத்தில் இன்னொரு முகத்தை வைக்காவிட்டால், மக்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எந்தச் சதிகாரனுக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கிறது. வெளிநாட்டில் ஏதோவொரு தளபதி பீரங்கி வண்டிகளோடு வந்து ஆட்சியைப் பிடித்தால் நம் நாளிதழ்கள் அதை ‘ராணுவப் புரட்சி’ என்று எழுதும். ‘ஆட்சிக்கவிழ்ப்பு’ என்ற சொல்லும் உண்டு. ஆனால் அது கட்சித் தாவலால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இழப்பதற்கும் சேர்த்தே பயன்படுகிறது. புரட்சிக் கவிஞரையும் புரட்சித் தலைவரையும் கொண்டாடிய மொழியில், அந்தச் சொல்லைச் சூடிக்கொள்ளும் தளபதி முதல் நாளே பாதி மரியாதையைப் பெற்றுவிடுகிறார். செய்தியைப் படிப்பவர் தம்மையறியாமலேயே ஒரு தரப்பில் நிற்கத் தொடங்குகிறார். நான் இக்கட்டுரையில் ஆட்சிக்கவிழ்ப்பு என்றே எழுதுகிறேன்.

ஆட்சிக்கவிழ்ப்பைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நவுனிஹால் சிங் என்ற அரசியல் அறிஞர் 2014இல் வெளியிட்ட நூல். கானா நாட்டில் அடுத்தடுத்து நடந்த ஆட்சிக்கவிழ்ப்புகளில் பங்கெடுத்தவர்களையே சந்தித்துப் பேசி அவர் எழுதியது அது. அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: படைவீரர்கள் யாருக்குத் துப்பாக்கி தூக்குவது என்பதைக் கொள்கையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, மற்றவர்கள் எந்தப் பக்கம் போகப்போகிறார்கள் என்று ஊகித்து, வெல்லும் பக்கத்தில் நிற்க முயல்கிறார்கள். ஆகவே சதிகாரர் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அனைவரையும் நம்ப வைப்பது. வானொலி நிலையத்தை முதலில் பிடிப்பது அதற்காகத்தான். மாஸ்கோவில் 1991 ஆகஸ்ட் 19 அன்று சோவியத் அதிபர் கொர்பச்சோவை ஒதுக்கிவிட்டு ஆட்சியைக் கையிலெடுத்த குழுவிடம் படை இருந்தது, உளவுத்துறை இருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது. அதில் ‘ஸ்வான் லேக்’ பாலே நடனத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். ஆனால் அன்று மாலை செய்தியாளர் கூட்டத்தில், அந்தக் குழு அதிபராக முன்னிறுத்திய யானாயெவின் கைகள் நடுங்கியதை நாடே பார்த்தது. அவர்களை எதிர்த்துப் பீரங்கி வண்டியின் மேல் ஏறி நின்ற ரஷ்யத் தலைவர் யெல்ட்சினின் காட்சியும் அன்றிரவுச் செய்தியில் எப்படியோ இடம்பெற்றுவிட்டது. மூன்றாம் நாள் அந்தக் குழுவே கலைந்துபோயிற்று.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1965 ஜூனில் அல்ஜீரியாவில் பாதுகாப்பு அமைச்சர் புமெதியன் ஆட்சியைக் கைப்பற்றிய நாளில், தலைநகரின் தெருக்களில் பீரங்கி வண்டிகள் போனதைக் கண்டவர்கள், அங்கே அப்போது எடுக்கப்பட்டுவந்த விடுதலைப் போர்த் திரைப்படத்தின் படப்பிடிப்பு என்று எண்ணி வழிவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆட்சி மாறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைப் பார்க்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை எந்தப் புனைகதை ஆசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

கற்பனை செய்த ஆசிரியர்களைப் பார்ப்போம். அறிவியல் புனைகதையில் ஆளும் பிம்பம் சுஜாதாவுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. ஐசக் அசிமோவ் 1942இல் எழுதிய முதல் ‘ஃபவுண்டேஷன்’ கதையில், டெர்மினஸ் என்ற தொலைதூரக் கோளில் கலைக்களஞ்சியம் தொகுக்கும் அறிஞர் குழு ஆட்சி செய்கிறது. நகரத் தந்தை சால்வர் ஹார்டினுக்குப் பதவி உண்டு, அதிகாரம் இல்லை. அண்டை அரசு மிரட்டுகிறது. அறிஞர்களோ அடுத்த தொகுதியின் அச்சுப் பணியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஹார்டின் ஆட்சிக்கவிழ்ப்புக்குத் தேர்ந்தெடுக்கும் நாள் எது என்பதுதான் கதையின் நுட்பம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடியேற்றத்தை நிறுவி, பின்னர் இறந்துபோன ஹாரி செல்டனின் பதிவு செய்யப்பட்ட உருவம் பெட்டகத்தில் தோன்றிப் பேசவிருக்கும் நாள் அது. உருவம் தோன்றுகிறது, கலைக்களஞ்சியம் ஒரு கண்துடைப்பு என்கிறது. அறிஞர் குழுவின் முகத்தில் இரத்தம் வடிந்துபோகிறது. வெளியே ஹார்டினின் ஆட்கள் அதற்குள் வேலையை முடித்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தமே கதையில் கேட்பதில்லை. ஆட்சியைப் பிடித்தவர் உயிரோடிருக்கும் ஹார்டின். அதற்கு உரிமை கொடுத்தவர் இறந்துபோன செல்டன். மூன்று ஆண்டுகள் கழித்து அதே வரிசையில் எழுதிய கதையில் அசிமோவ் இதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டார். ‘மியூல்’ என்பவனின் படை வாசலில் நிற்கும்போது மக்கள் தலைவர்களெல்லாம் பெட்டகத்தின்முன் கூடுகிறார்கள். செல்டனின் உருவமோ நடக்கவே நடக்காத ஏதோ ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. கூட்டம் அந்தக் கணத்திலேயே தோற்றுவிடுகிறது. எதிரியின் கப்பல்கள் அதற்குப் பிறகுதான் தரையிறங்குகின்றன. பிம்பம் தவறாகப் பேசிய அந்த நிமிடத்தை அசிமோவ் எழுதிய விதத்தை, அவருடைய மற்ற எல்லாப் பக்கங்களையும்விட உயர்வாகக் கருதுகிறேன்.

ராபர்ட் ஹைன்லைன் 1966இல் எழுதிய நிலவுக் குடியேற்ற நாவலில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. ஏனென்றால் அங்கே பொய் சொல்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள். நிலவு ஒரு தண்டனைக் குடியேற்றம். பூமி அனுப்பிய வார்டன் அதை ஆள்கிறார். கதைசொல்லியான கணினிப் பழுதுபார்ப்பவர், ஒரு பேராசிரியர், ஒரு பெண் போராளி ஆகிய மூவரும், நிலவின் எல்லா வேலைகளையும் கவனிக்கும் மைக் என்ற கணினியோடு சேர்ந்து சதி செய்கிறார்கள். இயக்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்பதால் மைக்கே ஆடம் செலீன் என்ற மனிதரை உருவாக்குகிறது. முதலில் தொலைபேசியில் வெறும் குரல். பின்னர் திரையில் முகமும் வருகிறது. மக்கள் அவரை நம்புகிறார்கள், அவர் சொன்னால் கேட்கிறார்கள். நேரில் வந்து நிற்க வேண்டிய கட்டம் நெருங்கும்போது, படையெடுப்பில் அவர் வீரமரணம் அடைந்துவிட்டதாக அறிவித்து விடுகிறார்கள். மக்கள் துக்கம் கொண்டாடுகிறார்கள். கதைசொல்லி இவ்வளவையும் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்ளும் தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார். முதல் முறை படித்தபோது நானும் சிரித்துக்கொண்டே புரட்டினேன். சுஜாதாவை மறுபடி படித்த கையோடு இதை எடுத்தபோதுதான், ஜீவாவுக்கும் செலீனுக்கும் உள்ள வேறுபாடு யார் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது என்பது மட்டுமே என்று தோன்றியது. விடுதலை பெற்ற நிலவு மக்களிடம் உண்மையைச் சொல்லும் எண்ணம் அந்த நாவலில் யாருக்கும் எழுவதில்லை. ஹைன்லைனின் அரசியல்மீது எனக்குப் பல மனத்தாங்கல்கள் உண்டு; ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் வாசகனைத் தடவிக்கொடுக்காமல் விட்டிருக்கிறார்.

முகமே இல்லாத ஆட்சிக்கவிழ்ப்பும் இருக்கிறது. மார்கரெட் அட்வுட், 1984இல் மேற்கு பெர்லினில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கி அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில், அமெரிக்க அதிபர் சுட்டுக் கொல்லப்படுகிறார், நாடாளுமன்ற உறுப்பினர்கள் இயந்திரத் துப்பாக்கியால் கொல்லப்படுகிறார்கள், இராணுவம் அவசரநிலையை அறிவிக்கிறது. பழி இஸ்லாமியத் தீவிரவாதிகள்மேல் விழுகிறது. அரசியல் சாசனம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். இத்தனையும் நாவலில் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. எழுத்தாளர் நேரம் செலவழிப்பது அதற்குப் பிந்தைய நாட்களில்தான். தெருவில் கலவரம் எதுவும் நடக்கவில்லை. மக்கள் வீட்டிலேயே இருந்து, யாராவது வழி சொல்லமாட்டார்களா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறாள் கதைசொல்லி. பகையென்று கைநீட்டிக் காட்டக்கூட ஓர் ஆள் இல்லை. பிறகு ஒருநாள் சிகரெட் வாங்கப் போன இடத்தில் அவளுடைய வங்கி அட்டை செல்லவில்லை. அதே நாளில், அவள் வேலை செய்யும் நூலகத்தில் மேலாளர் எல்லாப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்புகிறார். வெளியே துப்பாக்கியோடு இருவர் நிற்கிறார்கள். அவளுக்கு உரிய பணம் முழுவதும் கணவனின் பெயருக்கு மாறியிருக்கிறது.

அந்தக் காட்சியில் என்னை மிகவும் பாதித்தது பெண்கள் அலுவலக வாசலில் நிற்கும் விதம். தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்க்காமல் நிற்கிறார்கள். நவுனிஹால் சிங் படைவீரர்களைப் பற்றிச் சொன்னதை அட்வுட் குடிமக்களுக்குப் பொருத்திக் காட்டிவிட்டார் என்று சொல்லலாம். மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாதவரை யாரும் எதுவும் செய்வதில்லை. இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு நடந்ததை ஆட்சிக்கவிழ்ப்பு என்று சட்டப்படி சொல்ல முடியாது. ஆட்சியில் இருந்தவரே தொடர்ந்து ஆட்சியில் இருந்தார். ஆயினும் அன்றிரவு டில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக இருந்த பகதூர் ஷா ஜாபர் மார்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலை அகில இந்திய வானொலியில் பிரதமரே பேசியபோதுதான் அவசரநிலை வந்துவிட்டது என்று பெரும்பாலோருக்குத் தெரிந்தது. சுஜாதாவின் நாவல் அந்த அனுபவத்திலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டு தள்ளி எழுதப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தக் காலை வானொலியைக் கேட்டிருந்த தலைமுறைதான் ஜீவாவின் கதையை வாராவாரம் படித்தது.

மின்சாரத் துண்டிப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1996 ஜனவரியில் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் இரண்டு பகுதிகளில், உருமாறும் பகைவர்கள் பூமிக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற அச்சம் பரவுகிறது. அட்மிரல் லேட்டன் என்பவர் மாணவப் படையினரைக் கொண்டே பூமி முழுவதும் மின்சாரத்தை நிறுத்தச் செய்து, பழியைப் பகைவர்மேல் போட்டு, அவசரநிலையை அறிவிக்குமாறு அதிபரை நிர்ப்பந்திக்கிறார். தெருவெங்கும் படைவீரர்கள் வந்ததும் மக்கள் ஆறுதல் அடைகிறார்கள். பூமியில் இருப்பது நாங்கள் நால்வர் மட்டுமே, அதற்கே இவ்வளவு குழப்பமா என்று பகைவன் ஒருவன் கேட்கும் இடம் அபாரமானது. ஆனால் முடிவு என்னை ஏமாற்றுகிறது. கதாநாயகன் ஆதாரத்தைக் கண்டுபிடிக்கிறான், அட்மிரல் பதவி விலகுகிறார், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உண்மை வெளியே வந்தால் போதும், சதி தானாகவே சரிந்துவிடும் என்பதுதான் அறிவியல் புனைகதையின் மிகப் பழைய ஆறுதல். ஒளியைவிட வேகமாகச் செல்லும் கப்பலை நம்புவதைவிட இதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 2005இல் வந்த படம் இந்த ஒரு விஷயத்தில் தெளிவானது; தன்னைக் கொல்ல முயன்றார்கள் என்று தழும்பேறிய முகத்தைக் காட்டிப் பேரரசை அறிவிக்கும் பால்பட்டீனுக்கு அவை முழுவதும் கைதட்டுகிறது. அது மிகை என்று சொல்பவர்கள் பெரு நாட்டைப் பார்க்கலாம். 1992 ஏப்ரல் 5 அன்று அதிபர் புஜிமோரி தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, கருத்துக் கணிப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். அங்கே மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாரும் பார்க்கும்படிதான் நடந்தது.

உண்மை வெளியான பிறகு என்ன ஆகும் என்பதை நேர்மையாகக் காட்டிய தொடர், ஒரு விண்வெளி நிலையத்தில் நிகழும் ‘பாபிலோன் 5’. முதல் பருவத்தின் முடிவில், 1994இல், பூமியின் அதிபர் சாண்டியாகோ பயணம் செய்த கப்பல் வெடித்துச் சிதறுகிறது. துணை அதிபர் கிளார்க் உடனே பதவியேற்கிறார். அந்தக் கொலையில் கிளார்க்குக்குப் பங்கு உண்டு என்பதற்கான ஒலிப்பதிவு மூன்றாம் பருவத்தில் வெளியாகிறது. தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி வேறொரு எழுத்தாளராக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கோ கிளார்க் நாடாளுமன்றத்தைக் கலைத்து இராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார். இதுவரை சொல்லவிடாமல் தடுக்கப்பட்ட செய்தியைச் செய்தி வாசிப்பவர் சொல்லத் தொடங்கும்போதே ஒளிபரப்பு நிலையம் தாக்கப்பட்டுத் திரை இருண்டுவிடுகிறது. அந்தச் செய்தி நிறுவனம் பின்னர் அதே பெயரோடும் அதே அடையாளச் சின்னத்தோடும் திரும்பி வருகிறது. நான்காம் பருவத்தில் அதன் செய்தியாளர் விண்வெளி நிலையத்துக்கு வந்து எல்லாரையும் பேட்டி காண்கிறார். எடுத்த படங்கள் அனைத்தும் உண்மையானவை. வெட்டி ஒட்டும் வரிசையிலும் பின்னணிக் குரலிலும் மட்டுமே பொய் நுழைகிறது. ஒளிபரப்பான செய்தித் தொகுப்பில் கதாநாயகன் மனநோயாளி ஆகிவிடுகிறான். நாம் நான்கு ஆண்டுகளாக அறிந்த மனிதர்களைப் பூமியின் சாதாரணக் குடும்பம் ஒன்று இரவு உணவின்போது எப்படிப் பார்த்திருக்கும் என்பதை அந்த ஒரு பகுதி முழுவதும் நமக்குக் காட்டுகிறது. அந்தக் குடும்பத்தை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்பொருளில் நான் படித்தவற்றுள் முழுமையானது என்று எதைச் சொல்வேன் என்றால், ஜப்பானிய எழுத்தாளர் யோஷிகி தனகா 1982 முதல் 1987 வரை பத்துத் தொகுதிகளாக எழுதிய, பின்னர் நீண்ட அனிமேத் தொடராகவும் வந்த ‘லெஜெண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்’ கதையின் இரண்டாம் தொகுதியைத்தான். ஒரு பக்கம் பேரரசு. மறுபக்கம் ஊழலில் அழுகிக்கொண்டிருக்கும் மக்களாட்சிக் கூட்டமைப்பு. கூட்டமைப்பின் இராணுவ அதிகாரிகள் சிலர் தேசிய மீட்பு இராணுவக் குழு என்ற பெயரில் தலைநகரைக் கைப்பற்றுகிறார்கள். தலைமை தாங்கும் கிரீன்ஹில் கெட்டவர் அல்லர்; எல்லாரும் மதிக்கும் பண்பாளர். ஊழலை ஒழிப்பது, ஒழுக்கத்தை மீட்பது, நாட்டை ஒன்றுபடுத்துவது என்று நீளும் அவர்களுடைய அறிக்கையைக் கேட்கும் கூட்டமைப்பின் தளபதி யாங் வென்-லி, வரலாறு படித்தவன் என்பதால், ஐந்து நூற்றாண்டுக்கு முன் மக்களாட்சியை விழுங்கிப் பேரரசை நிறுவிய ருடால்ஃபின் பேச்சும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறான். யாங்கின் உதவியாளராக இருப்பவள் அதே கிரீன்ஹிலின் மகள்.

சதிகாரர்கள் வென்றது அரசு அலுவலகங்களையும் கட்டளை மையத்தையும்தான். மக்களைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவில்லை. ஊழல் அரசியல்வாதிகளை வெறுப்பவர்கள் எல்லாரும் தங்களை வரவேற்பார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெசிகா எட்வர்ட்ஸ் என்ற அரசியல்வாதி, போருக்கு எதிராக எப்போதும் பேசிவந்தவள், தலைநகரின் விளையாட்டரங்கில் பெருங்கூட்டத்தைக் கூட்டுகிறாள். கலைக்க அனுப்பப்பட்ட கர்னல் ஒருவன் அவளிடம் வாதத்தில் தோற்று, ஆத்திரத்தில் அவளை அடித்தே கொல்கிறான். கூட்டம் பொங்குகிறது, படுகொலை நடக்கிறது. அதன்பிறகு அந்தக் குழுவின் அறிக்கைகளை யாரும் கேட்பதில்லை. யாங் போரை முடிக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. தலைநகரக் கோளைச் சுற்றிக் காவல் நிற்கும் பன்னிரண்டு ஆயுதச் செயற்கைக்கோள்களையும் ஒன்று விடாமல் அழிக்கிறான். அத்தனையையும் அழிக்க இராணுவத் தேவை எதுவும் இல்லை. அவற்றின் நிழலில் நம்மை யாரும் தொட முடியாது என்று உள்ளே இருப்பவர்கள் கொண்டிருந்த நினைப்பை உடைப்பதுதான் அவன் நோக்கம். சதியைத் தூண்டிவிட்டதே பகைப் பேரரசுதான் என்ற உண்மையையும் அவன் வெளியிடுகிறான். கிரீன்ஹில் அதை நம்ப மறுத்து, பின்னர் அது மெய் என்று அறிந்து உடைந்துபோகிறார். தாம் மேடையேற்றிய நாடகத்தை எழுதியவர் வேறொருவர் என்று அறியும் அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கமே வந்தது.

1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவின் மையப் பகுதியைப் பிடித்த ஏறத்தாழ 1,400 படைவீரர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களும் ஊழலைத்தான் ஒழிக்க வந்தார்கள்; நிதியமைச்சர் தகஹாஷியைப் படுக்கையிலேயே கொன்றார்கள்; பேரரசர் தங்கள் பக்கம் இருப்பார் என்று நம்பினார்கள். நான்காம் நாள், இன்னும் காலம் கடந்துவிடவில்லை, படைப்பிரிவுகளுக்குத் திரும்புங்கள் என்ற அறிவிப்பு வானொலியில் ஒலித்தது. துண்டுப் பிரசுரங்கள் வானிலிருந்து விழுந்தன. பேரரசரின் ஆணை பிறந்துவிட்டது என்று எழுதிய வாசகத்தை விளம்பர பலூன் ஒன்று வானத்தில் தூக்கிப் பிடித்தது. சாதாரணச் சிப்பாய்கள் ஒவ்வொரு கூட்டமாகத் திரும்பிப் போனார்கள். விளம்பர பலூனால் அடக்கப்பட்ட கலகம் வேறெங்கும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

தனகா சதி அடங்கியதோடு கதையை விடுவதில்லை. கவிழ்க்கப்பட்ட தலைவர் ட்ரூனிக்ட், மக்கள் செத்துக்கொண்டிருந்த நாட்களில் பாதுகாப்பாக ஒளிந்திருந்தவர், எல்லாம் முடிந்ததும் சிரித்த முகத்தோடு வெளியே வருகிறார். வெற்றி விழா மேடையில் யாங்கின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. மக்களாட்சியைக் காப்பாற்றியவனின் கை, மக்களாட்சியை அழுக விட்டவரின் கைக்குள் இருக்கிறது, படம் எடுக்கப்படுகிறது. அந்தக் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது யாங்குக்கு. ஆட்சிக்கவிழ்ப்பால் இலாபமடைந்தவர் சதிகாரரும் அல்லர், அதை முறியடித்தவரும் அல்லர். மறுநாள் புகைப்படத்தில் நடுவில் நின்றவர்தான்.

இவற்றையெல்லாம் கதை என்று ஒதுக்கிவைக்க விடாமல் செய்வது ஆப்பிரிக்காவின் காபோன் நாடு. அதன் அதிபர் அலி போங்கோ 2018 அக்டோபரில் பக்கவாதத்தால் வெளிநாட்டு மருத்துவமனையில் சேர்ந்தார். மாதக்கணக்கில் மக்கள் முன் தோன்றவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அவருடைய புத்தாண்டு உரை காணொளியாக வெளியானது. முகம் இறுகியிருந்தது, கண் இமைப்பது குறைவாக இருந்தது. அதிபர் இறந்துவிட்டார், இது கணினியால் செய்த போலி என்ற பேச்சு பரவியது. 2019 ஜனவரி 7 விடியற்காலையில் படைவீரர் சிலர் அரசு வானொலி நிலையத்தைக் கைப்பற்றி, அந்த உரையே அதிபரின் தகுதியைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது என்று அறிவித்து, மக்களை எழுச்சி கொள்ளச் சொன்னார்கள். சில மணி நேரத்தில் அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. போங்கோ உயிரோடுதான் இருந்தார். பின்னர் நேரிலும் தோன்றினார். சுஜாதாவின் நாட்டில் பிம்பத்தை மனிதர் என்று நம்பினார்கள். காபோனில் மனிதரைப் பிம்பம் என்று நம்பினார்கள்.

நான்கரை ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 30 அன்று, மூன்றாம் முறையும் அவர் வென்றதாகத் தேர்தல் முடிவு வெளியான சற்று நேரத்தில், உறவினரும் அதிபர் காவல்படைத் தலைவருமான ஒலிகுவி இங்கேமா ஆட்சியைப் பிடித்தார். படைவீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் படங்கள் வந்தன. வீட்டுக்காவலில் இருந்த போங்கோவும் ஒரு காணொளி வெளியிட்டார். நாற்காலியில் அமர்ந்து, பிரெஞ்சு பேசும் நாட்டின் அதிபர் ஆங்கிலத்தில், உலகெங்கும் உள்ள நண்பர்கள் எல்லாரும் சத்தம் எழுப்ப வேண்டும் என்று கெஞ்சினார். இம்முறை அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. அந்தச் சொற்களுக்கு இசையமைத்து, ஆப்பிரிக்கா முழுவதும் இளைஞர்கள் ஆடிப்பாடிக் காணொளி போட்டார்கள். தலைநகர் லிப்ரவீலின் தெருக்களில் மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

சென்ற வாரம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். இறுதி வாரத்துப் பக்கங்கள் தொகுப்பில் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அந்த வாரம் ஊருக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்து கடையில் கேட்டபோது புத்தகம் தீர்ந்துபோயிருந்ததாகவும் சொன்னார். நிலா ராணியான கதையைச் சொன்னேன். அவருக்கும் அது புதிதாக இருந்தது. பிறகு கைப்பேசியில் போங்கோவின் 2018 புத்தாண்டு உரையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, மொழி புரியாமலேயே முழுவதும் பார்த்தார்.

“கண்ணையே சிமிட்ட மாட்டேங்கிறாரே. இது பொம்மைதானே?”

நிஜ மனிதர்தான் சித்தி, உடம்பு சரியில்லாமல் இருந்தார், அவ்வளவுதான் என்றேன். அவர் கைப்பேசியை வாங்கி இன்னொரு முறை ஓடவிட்டார்.